இன்னொரு மாஸ்டரிடம் போய் ஒன்றுமே கற்காமல் திரும்புவது எப்படி?

ஏழெட்டு வருஷம் ஒரே மாஸ்டரிடம் கராத்தே பழகிவிட்டீர்கள். கறுப்பு பெல்ட் இடுப்பில் ஏறிவிட்டது. ஷோகேஸில் இடம் போதாமல் கோப்பைகள் ஃபிரிட்ஜ் மேல் வந்து உட்கார்ந்துவிட்டன. இந்த நேரம் பார்த்து நண்பன் ஒருவன், "மச்சி, ஞாயித்துக்கிழமை ஒரு முகாம் இருக்கு. வேற மாஸ்டர், வேற ஸ்டைல். சும்மா வந்து பாரேன்" என்று இழுக்கிறான். உங்களால் தட்டவும் முடியவில்லை. உங்களுக்கும் சேர்த்து அவனே பணம் கட்டிவிட்டான்.

பயப்படாதீர்கள். அயலார் ஒருவர் முன்னால் மூன்று மணி நேரம் வியர்வை சிந்திவிட்டு, போனவர் போனபடியே திரும்பி வருவதும் பழகினால் வரக்கூடிய கலைதான். உங்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். முறையாகச் செய்வதில்லை, அது ஒன்றுதான் குறை. கீழே சொல்வதை அப்படியே பின்பற்றுங்கள். ஜூடோவோ குத்துச்சண்டையோ சிலம்பமோ, எதுவானாலும் உங்கள் மேல் ஒரு பொட்டு ஒட்டாது.

1. கறுப்பு பெல்ட்டோடு போங்கள்.

வேறு கலை பழகப் போகிற இடத்தில் வெள்ளை பெல்ட் கட்டிக்கொள்வதுதான் மரியாதை என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பெல்ட் டெஸ்ட்டுக்கு எவ்வளவு கட்டினார்கள் என்று கேளுங்கள். உங்கள் பெல்ட்டின் ஒரு முனையில் தங்க நூலில் உங்கள் பெயர், மறுமுனையில் சங்கத்தின் பெயர். அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு போவதற்கா தைக்கக் கொடுத்தீர்கள்? போனதும் முடிச்சை ஒருமுறை அவிழ்த்து, எல்லோரும் பார்க்க மறுபடி இறுக்குங்கள்.

கறுப்பு பெல்ட் என்ற ஏற்பாடு கராத்தேயில் பிறந்ததில்லை. ஜூடோவுக்காக ஜிகோரோ கானோ கொண்டுவந்ததை, 1920களில் கிச்சின் ஃபுனாகோஷி கராத்தேக்கு வாங்கிக்கொண்டார். நீங்கள் போட்டிருக்கும் வெள்ளை உடுப்பும் அங்கிருந்து வந்ததுதான். நீங்கள் போவது ஜூடோ முகாமுக்கு என்றால் இந்தத் தகவலை மறந்துவிட்டுப் போவது நல்லது.

2. முன் வரிசையில் நில்லுங்கள்.

பின்னால் நின்றால் மற்றவர்கள் செய்வதைப் பார்க்க வேண்டி வரும்.

3. முதல் பத்து நிமிஷத்துக்குள் "எங்க மாஸ்டர் இப்படிச் சொல்லித் தரலையே" என்று சொல்லிவிடுங்கள்.

இதைவிடக் கெட்டியான கவசம் எந்தக் கலையிலும் கிடையாது. உதாரணத்துக்கு, நீங்கள் ஷோடோகான் பாணிக் கராத்தே. முன்முட்டியை நன்றாக மடக்கி, பின்காலை விறைப்பாக நீட்டி, குதிகால் தரையில் பதிய, தொடை எரிய எரிய நிற்கப் பழகியவர். வந்திருப்பவர் கோஜு ரியூ பாணி. அவர் சஞ்சின் நிலை காட்டுகிறார்: சின்னஞ்சிறு அடி, பாதங்கள் உள்நோக்கி, முட்டி லேசாக மடங்கி, மூச்சு அடிவயிற்றிலிருந்து. உங்கள் கண்ணுக்கு அது பஸ்ஸுக்குக் காத்து நிற்பது மாதிரிதான் தெரியும். அப்படித்தான் தெரிய வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "ஏன் சார் இப்படி?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஏன் என்று கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் புரிந்து தொலைக்கும். "இது தப்பில்லையா சார்?" என்று கேளுங்கள். அவருக்கும் முகம் சுருங்கும், உங்களுக்கும் கற்கிற வேலை மிச்சம்.

உங்கள் நீண்ட நிலையைப் பற்றி ஒரு ரகசியம் சொல்கிறேன், வெளியே விடாதீர்கள். ஃபுனாகோஷி அவ்வளவு நீளமாக நின்றவரில்லை. அவர் மகன் கிகோவின் காலத்தில் டோக்கியோவில்தான் அது நீண்டதும் தாழ்ந்ததும். ஆக, நீங்கள் உயிரைக் கொடுத்துக் காக்கிற மாறாத மரபு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவிலேயே ஒருமுறை மாறியிருக்கிறது.

4. குத்துச்சண்டைக் கூடத்துக்குப் போனாலும் கையை இடுப்புக்கே இழுங்கள்.

இந்தப் படி கொஞ்சம் வலிக்கும். நிதானமாகப் படியுங்கள்.

வடசென்னையில் ஒரு பழைய கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைக்கால் சட்டையும் கழுத்தில் விசிலுமாக ஒரு கோச். முதலில் உங்கள் கையை வாங்கி மணிக்கட்டில் நாலு சுற்று, விரல் இடுக்குகளில் ஒவ்வொரு சுற்று, முட்டிகளின் மேல் நாலு சுற்று என்று துணிப்பட்டை கட்டுவார். "நாங்க ஓடு உடைச்ச கை சார், இதெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிடுங்கள். ஆண்டு விழா மேடையில் அடுக்கிவைத்த ஓடு அசையாது, திருப்பி அடிக்காது, உங்கள் மணிக்கட்டை மடக்கப் பார்க்காது என்பதையெல்லாம் யோசிக்காதீர்கள்.

அடுத்து அவர், "குத்துன கை தாடைக்குத் திரும்பி வரணும் தம்பி" என்பார். நீங்கள் ஒரு கத்து கத்தி, ஒரு கையைக் குத்தி, மறுகையை வழக்கம்போல இடுப்பில் கொண்டுபோய் ஒட்டுங்கள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். இடது கையை நீட்டி உங்கள் மூக்கை லேசாகத் தொடுவார். மறுபடி குத்துங்கள், மறுபடி இடுப்பு. அவரும் மறுபடி மூக்கைத் தொடுவார். மூன்றாவது தடவைக்குள் மூக்குக்கு விஷயம் புரிந்துவிடும். அதை மூளைவரை போகவிடாமல் தடுப்பதில்தான் உங்கள் திறமை இருக்கிறது. "எங்க போட்டியில இப்படி முகத்துல அடிச்சா அவங்களுக்குத்தான் சார் ஃபவுல்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அவரும் சிரிப்பார். அவருடைய பையன்கள் ரொம்ப நேரம் சிரிப்பார்கள்.

இரவு வீட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வி மெல்லத் தலைதூக்கும்: இடுப்புக்கு இழுக்கிற அந்தக் கை எதற்காக இழுக்கிறது? எதிராளியின் கையையோ சட்டையையோ பிடித்துத் தன் பக்கம் இழுத்து, அதே நேரத்தில் மறுகையால் குத்தத்தான் என்று பழைய ஆட்கள் விளக்குவார்கள். அப்படியானால், பிடிக்க ஒன்றுமே இல்லாதபோது வெறுங்கையை ஏன் இடுப்பில் பத்திரப்படுத்துகிறோம்? இந்தக் கேள்வியை வளரவிட்டால் உங்கள் குத்துச்சண்டை முன்னேறுகிறதோ இல்லையோ, கராத்தே முன்னேறிவிடும். டிவியைப் போடுங்கள்.

சென்னையிலேயே சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை கட்டிக் குத்திக்கொண்ட காலம் உண்டு. 2021இல் பா. இரஞ்சித் அதைப் படமாகவும் எடுத்துவிட்டார். அந்தப் படத்திலிருந்து பரம்பரை ரோஷத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஓட்டமெல்லாம் உங்களுக்கு வேண்டாம்.

5. ஜூடோ மேட்டில் விழ மறுத்துவிடுங்கள்.

ஜூடோவில் எறிவதற்கு முன்னால் விழச் சொல்லித் தருவார்கள். இதுவே அவமானம்தான். பத்துப் பேரைப் படுக்கவைக்கும் கனவோடு வந்தவனைப் படுக்கச் சொல்கிறார்கள்.

குந்தி உட்கார்ந்து பின்னால் சாயச் சொல்வார்கள். மோவாய் நெஞ்சோடு ஒட்ட வேண்டும், கண் தன் பெல்ட் முடிச்சையே பார்க்க வேண்டும். அப்போதுதான் பின்மண்டை தரையில் மோதாது. முதுகு மேட்டைத் தொடும் அதே நொடியில் இரண்டு கைகளும் உடம்பிலிருந்து சற்று விலகி, உள்ளங்கை விரியப் பளாரென்று மேட்டில் அறைய வேண்டும். கையை ஊன்றவே கூடாது. ஊன்றினால் மணிக்கட்டோ காறையெலும்போ போகும். பக்கத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இதையே விளையாட்டுப்போலத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பாள். அவளைப் பார்க்காதீர்கள்.

"அது தெரியும் சார், நேரா த்ரோவுக்குப் போயிடலாம்" என்று சொல்லுங்கள். யாராவது உங்களைத் தூக்கும்போது உடம்பை மரக்கட்டையாக விறைத்துக்கொள்ளுங்கள். அவர் காலரை விடாமல் பிடித்துத் தொங்குங்கள். கடைசி நொடியில் கையை ஊன்றுங்கள். ஜூடோ ஆபத்தான கலை என்பதற்கு ஆதாரம் உங்கள் கையிலேயே வீங்கி நிற்கும். மாவுக்கட்டு போட்டிருக்கும் அத்தனை நாளும் வருகிறவர்களுக்கெல்லாம் அதை விளக்கிச் சொல்லலாம்.

6. சிலம்ப ஆசானிடம், "கம்பு எப்போ தருவீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

வெற்றிலை பாக்கு, பழம், காணிக்கை வைத்துத் தட்டு கொடுத்தீர்கள். சலாம் வரிசை சொல்லிக் கொடுத்தார். அதோடு கம்பு கைக்கு வரும் என்று பார்த்தால் காலடியில் கொண்டுபோய் விட்டுவிட்டார். வெறுங்கையோடு முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி, அப்படியே திரும்பு, மறுபடி அதே. செம்மண்ணில் உங்கள் கட்டைவிரல் வரைந்த கோட்டை அவர் குனிந்து பார்த்துவிட்டு, "பாதம் வெட்டுது, இன்னும் அரை சாண் உள்ள வை" என்கிறார். கம்பின் வேகத்தைக் கால்தான் தருகிறது, கால் சரியாக விழாவிட்டால் வீசிய கம்பு உங்கள் முழங்காலையே பதம் பார்க்கும் என்பது அவர் கணக்கு. உங்கள் கணக்கு வேறு. நீங்கள் கறுப்பு பெல்ட்.

ஆகவே, அவருக்குத் தெரியாமல் மூங்கில் கம்பு ஒன்று வாங்குங்கள். அவரவர் நெற்றி உயரத்துக்குக் கம்பு இருக்க வேண்டும் என்பார்கள். உங்களுக்கு இலேசாக, பளபளவென்று இருந்தால் போதும். மொட்டைமாடியில் நின்ற இடத்தில் நின்றே சுற்றுங்கள். செல்போனைச் சாய்த்துவைத்து எடுங்கள். எதிரே ஆள் இல்லாதவரை உங்கள் சிலம்பத்தில் யாரும் குறை காண முடியாது.

சிலம்பத்தில் குறவஞ்சி, மறக்காணம், துளுக்காணம், நாகதாளி, பனையேறி மல்லு, கள்ளன் கம்பு என்று எத்தனையோ பாடங்கள் உண்டு. பக்கத்து ஊர் ஆசானின் பாடம் உங்கள் ஊர்ப் பாடத்திலிருந்து எப்படி மாறுகிறது என்று நின்று பார்க்காதீர்கள். பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மேடையில் மைக் கிடைத்தால் உதவும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக ஏறிவிட்டது. சான்றிதழுக்கு மவுசு கூடியிருக்கிற காலம். காலடிக்கு அப்படி ஒன்றும் கூடவில்லை.

7. எதைக் காட்டினாலும் "இது எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு" எனுங்கள்.

அவர் ஒரு மணிக்கட்டுப் பூட்டைக் காட்டுகிறார். பாஸாய் கட்டா என்ற அசைவு வரிசையில் எங்கேயோ கை அப்படித் திரும்புகிறதே! ஒரு காலிடறலைக் காட்டுகிறார். ஹெய்யான் கட்டாக்களில் கால் அப்படித்தானே வைக்கிறோம்! இருபத்தாறு கட்டாக்கள் கைவசம் இருக்கும்போது உலகத்தில் எந்த வித்தையையும் அதில் தேடி எடுத்துவிடலாம். கட்டாவில் இருக்கிறது, உங்கள் உடம்பில் இருக்கிறதா என்று எவராவது கேட்டால் மட்டும் சிக்கல். அப்படிக் கேட்கிறவரை அடுத்த முகாமுக்கு அழைக்காதீர்கள்.

கட்டாவும் கைகொடுக்காவிட்டால் போதிதர்மர் இருக்கிறார். "எல்லாமே நம்ம காஞ்சிபுரத்திலேர்ந்து போனதுதான் சார்" என்று ஒரு வார்த்தை போடுங்கள். 2011இல் 'ஏழாம் அறிவு' வந்த பிறகு இதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது. போதிதர்மர் ஷாவோலினுக்கு உடற்பயிற்சி முறைகளைத் தந்தார் என்று சொல்கிற நூல் 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது, அவருக்கும் அதற்கும் நடுவில் ஆயிரம் வருஷம் கிடக்கிறது என்று வரலாற்றுக்காரர்கள் முனகுவார்கள். முனகட்டும். நம்மிடமிருந்து போனது என்று முடிவுகட்டிவிட்டால் நாம் போய்க் கற்க வேண்டிய அவசியம் இல்லை, அதுதான் முக்கியம். ஓசூரைத் தாண்டாதவர்கூட இதை வைத்துக்கொண்டு சீனா, ஜப்பான் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கணக்குத் தீர்த்துவிடலாம்.

8. "தெருவுல நாலு பேர் கத்தியோட வந்தா?"

இந்தக் கேள்வியை எந்த வகுப்பிலும், எந்த நிமிஷத்திலும் கேட்கலாம். பதில் தேவையில்லை. உங்கள் தெருவில் கத்தியோடு நாலு பேர் வந்த வரலாறும் தேவையில்லை.

9. இதெல்லாம் ஒத்துவராதவர்கள், மனசை அகலத் திறந்து வைத்துவிடுங்கள்.

எனக்கு மனம் மூட வராது, எல்லோரிடமும் கற்க ஆசை என்று சிலர் சங்கடப்படுவார்கள். உங்களுக்கும் வழி இருக்கிறது. எல்லோரிடமும் போங்கள், எவரிடமும் தங்காதீர்கள். ஒரு ஞாயிறு கிராவ் மகா, அடுத்த ஞாயிறு முவாய் தாய், அதற்கடுத்த ஞாயிறு குமரி மாவட்டத்துக்கு ரயிலேறி அடிமுறை. ஒவ்வோர் இடத்திலும் வியர்வை வருவதற்கு முன்னால் குரூப் போட்டோ. "சார், உங்ககிட்ட நிறைய கத்துக்கிட்டேன்" என்று காலில் விழுந்து எழுங்கள். மனம் எந்த அளவுக்குத் திறந்திருக்க வேண்டும் என்றால், காலையில் நுழைந்தது மத்தியானத்துக்குள் வெளியே போய்விட வேண்டும்.

ஆறு மாதம் கழித்து எல்லாவற்றையும் கலந்து சொந்தப் பாணி ஒன்றைத் தொடங்குங்கள். பெயரில் 'உலக' என்ற சொல் கட்டாயம் வர வேண்டும். பிளக்ஸ் பேனரில் நீங்கள் நடுவில், ஓரத்தில் புரூஸ் லீ. அவரும் பல கலைகளைக் கலந்தவர்தானே என்பார்கள். ஆமாம். ஹாங்காங்கில் இப் மான் வழியில் விங் சுன் பழகி, குத்துச்சண்டைப் படச்சுருள்களைப் போட்டுப் போட்டுப் பார்த்து, அண்ணன் வாள்வீச்சு வீரர் என்பதால் அதன் காலடியையும் எடுத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் உடம்பில் போட்டுப் பார்த்த பிறகுதான் 1967இல் ஜீத் குன் தோ என்று பெயர் வைத்தார். அந்த வருஷக்கணக்கு உங்களுக்கு எதற்கு? அவர் மறைந்த பிறகு, அவர் சொல்லித் தந்ததை அப்படியே காப்பதா, அவர் தேடிய முறையில் நாமும் தேடுவதா என்று சீடர்கள் இரண்டு கட்சியானார்கள். பாணியே வேண்டாம் என்றவர் பெயரிலேயே பாணிச் சண்டை. உங்கள் சீடர்களும் ஒருநாள் அந்த நிலைக்கு உயர வாழ்த்துகள்.

10. சுவரில் இருக்கும் படத்தைக் கும்பிடுங்கள், அவர் கதையை மட்டும் படிக்காதீர்கள்.

இது மற்ற எல்லாப் படிகளையும்விட முக்கியம். இதில் சறுக்கினால் மேலே சொன்ன அத்தனையும் பாழ்.

உங்கள் டோஜோ சுவரில் வெள்ளை மீசையோடோ மீசையில்லாமலோ ஒரு பெரியவர் படம் மாட்டியிருக்கும். வகுப்பு தொடங்கும்போது குனிந்து வணங்குகிறீர்கள். விஜயதசமிக்கு மாலையும் போடுகிறீர்கள். சரி. ஆனால் அவர் எப்படி அந்தச் சட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தார் என்று புரட்டிப் பார்த்துவிட்டால் உங்கள் கதை கந்தல்.

ஃபுனாகோஷியை எடுத்துக்கொள்ளுங்கள். 1868இல் ஒகினாவாவில் பிறந்தவர். அவருக்கு ஒரு குரு இல்லை, இரண்டு குருமார்: அசாதோ, இதோசு. இருவரும் நண்பர்கள். இன்னொருவரிடம் போகாதே என்று அவர்கள் தடுக்கவில்லை. மற்ற ஆசான்களிடம் தாங்களே அழைத்துப்போய் அறிமுகம் செய்து, ஆளுக்கு எது கைவந்ததோ அதை அவரிடம் கற்றுக்கொள் என்று சொல்லியிருக்கிறார்கள். சாதாரண ஆசான்கள் தம் சீடன் வேறிடம் போவதை விரும்பாதபோது தன் குருமார் இப்படி இருந்தார்களே என்று ஃபுனாகோஷியே தன் சரிதையில் வியந்து எழுதினார்.

ஷிதோ ரியூவின் கென்வா மபுனி இன்னும் மோசம். முதலில் இதோசுவிடம் பழகினார். நண்பர் மியாகி ஒருவரைப் பற்றிச் சொல்ல, ஹிகாவோன்னாவிடமும் போய்ப் பழகினார். ஒருவர் பாணி இழுத்து நீட்டி வேகமாக அடிப்பது, மற்றவர் பாணி நெருங்கி நின்று மூச்சை அடக்கி அடிப்பது. எது உசத்தி என்று மபுனி பட்டிமன்றம் வைக்கவில்லை. இரண்டு குருமார் பெயர்களின் முதல் எழுத்தையும் சேர்த்துத் தன் பாணிக்கே பெயராக வைத்துவிட்டார். வாடோ ரியூவின் ஓட்சுகா ஜூஜுட்சு ஆசிரியராக இருந்தபடியே ஃபுனாகோஷியிடம் மாணவனாகப் போனவர், பிறகு மபுனியிடமும் போனவர். இன்று உலகப் போட்டிகளில் பெரிய பாணிகள் என்று எண்ணப்படும் நாலில் எந்தப் படத்தைத் திருப்பினாலும் பின்பக்கம் இதே கதைதான். சங்கத்து விதிப்படி பார்த்தால் இவர்கள் எல்லோரையும் நீக்க வேண்டும்.

கானோவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டோக்கியோவில் மாணவராக இருந்தபோது ஃபுகுடா என்பவரிடம் ஜூஜுட்சு பழகினார். அங்கே கனத்த உடம்புக்காரர் ஒருவரை இவரால் அசைக்கவே முடியவில்லை. என்ன செய்தார் தெரியுமா? எங்கள் பாணியில் இதற்கு இடமில்லை என்று உட்கார்ந்துவிடவில்லை. சுமோ பழகியவரிடம் போய்க் கேட்டார். அதுவும் பலிக்காமல் நூலகத்தில் மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகங்களைப் புரட்டி, ஆளைத் தோள்மேல் சாய்த்துத் தூக்கிப் போடும் ஒரு பிடியைக் கண்டெடுத்து, பழகி, அந்த ஆளை வீழ்த்தினார். அது காதாகுருமா என்ற பெயரில் இன்றும் ஜூடோவில் இருக்கிறது. ஃபுகுடா இறந்ததும் இசோவிடம் போனார். இசோவும் இறந்ததும் வேறொரு மரபைச் சேர்ந்த ஈகுபோவிடம் போனார். 1882இல் கொடோகான் என்ற தன் ஜூடோ கூடத்தைத் தொடங்கியபோது அவர் கையில் இருந்தது பல வீட்டுச் சரக்கு.

சரி, இளம் வயதில் அலைந்தார், பெரியவரான பிறகாவது அடங்கினாரா? 1922இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கராத்தே காட்ட வந்த பள்ளி ஆசிரியர் ஃபுனாகோஷியைக் கொடோகானுக்கு அழைத்தார். தன் கூடத்தில், தன் மாணவர்கள் கண்ணெதிரே காட்டச் சொன்னார். காட்டி முடித்ததும், கட்டாக்கள் எல்லாவற்றையும் கற்க எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்ததும், ஒன்றிரண்டு அடிப்படைக் கட்டாக்களையாவது சொல்லிக் கொடுங்கள் என்றார். அப்போது கானோவுக்கு வயது 61. ஒரு கலையை உண்டாக்கியவர், ஜப்பானின் ஒலிம்பிக் குழு உறுப்பினர், தன்னைவிட இளைய மாகாணத்து வாத்தியாரிடம் பாடம் கேட்கிறார். உங்களுக்கு இப்போது வயது முப்பத்திரண்டு. தாழ்ந்து போகாதீர்கள்.

11. இத்தனைக்குப் பிறகும் யாராவது வாதாடினால், குரு துரோகம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏகலைவனை இழுங்கள். கட்டைவிரலையே கொடுத்தானே, உன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க முடியாதா என்று கேளுங்கள். அர்ஜுனன் பேச்சை எடுக்காதீர்கள். துரோணரிடம் தலைமாணவனாக இருந்தும் அவன் சிவனிடம் பாசுபதம் வாங்கப் போனான். இந்திரலோகத்தில் அஸ்திரங்கள் கற்றான். அது போதாதென்று சித்திரசேனன் என்ற கந்தர்வனிடம் ஆட்டமும் பாட்டும் பழகினான். வில்லாளிக்கு எதற்கு நாட்டியம் என்று அன்றைக்கே நாலு பேர் கேட்டிருப்பார்கள். விராடன் அரண்மனையில் ஒரு வருஷம் தலைமறைவாக இருந்தபோது அவனைக் காப்பாற்றியது காண்டீபமா, அந்த நாட்டியமா என்று யோசிக்க நேரம் கொடுக்காமல் "ஓஸ்!" என்று கத்தி வகுப்பை முடித்துவிடுங்கள்.

12. நீங்களே மாஸ்டராகிவிட்டால் வேலை இன்னும் சுலபம்.

இதுவரை நீங்கள் ஒருவர்தான் கற்காமல் இருந்தீர்கள். இனி நாற்பது பேரைக் கற்கவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். சேர்க்கைப் படிவத்திலேயே வேறெங்கும் பயிலக் கூடாது என்று அச்சடியுங்கள். ஒருவன் பக்கத்துத் தெரு ஜிம்மில் கிளவுஸ் மாட்டியதாகத் தகவல் வந்தால் அடுத்த பெல்ட் டெஸ்ட்டில் நிறுத்திவையுங்கள். புலிக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்த பூனை மரமேற மட்டும் சொல்லித் தராத கதையை வருஷத்துக்கு ஒருமுறை வகுப்பில் சொல்லுங்கள். உங்களிடமும் ஒரு கடைசி வித்தை ஒளிந்திருக்கிறது என்று நம்பிப் பத்து வருஷம் கட்டணம் கட்டுவார்கள். வித்தை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

1930இல் மொரிஹெய் உயேஷிபாவின் கலையை நேரில் பார்த்த கானோ, பின்னாளில் ஐகிடோ என்று பெயர்பெற்ற அந்தக் கலையை, தன் நல்ல மாணவர்களில் ஒருவரான மொச்சிசுகியை அனுப்பிக் கற்கச் செய்தார். போன மாணவன் திரும்பி வருவானோ மாட்டானோ என்ற பயமே அவருக்கு இல்லை போலிருக்கிறது. உங்களுக்கு வாடகை, கரண்ட் பில் எல்லாம் இருக்கிறது. அவரைப் போல இருக்க முடியாது.

13. மீறி ஏதாவது ஒட்டிக்கொண்டால், வெளியே சொல்லாதீர்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலருக்கு இது நடந்துவிடுகிறது. குளியலறையில் சோப்புத் தண்ணீரில் கால் வழுக்குகிறது. உங்களைக் கேட்காமலே மோவாய் நெஞ்சில் போய் ஒட்டுகிறது. ஊன்ற வேண்டிய கை ஊன்றாமல் தரையில் பளாரென்று அறைகிறது. தலை தப்புகிறது. சத்தம் கேட்டு வீட்டார் ஓடிவந்து, "எங்கங்க இதக் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டால், "நம்ம கராத்தேதான்" என்று சொல்லுங்கள். மறுநாள் முதல் உங்கள் வகுப்பில் அதைப் பாடமாகவே சேர்த்துவிடுங்கள். ஜூடோ மாஸ்டரின் பெயர் மட்டும் வாயில் வரக் கூடாது.

பிரேசில்காரர்கள் இந்த விஷயத்தில் கோட்டைவிட்டார்கள். 1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில், கிரேசி குடும்பத்து ஹீலியோவை ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா எதிர்கொண்டார். கையை முதுகுப்பக்கம் முறுக்கிப் பூட்டினார். ஹீலியோ தட்டவில்லை, அண்ணன் கார்லோஸ்தான் குறுக்கிட்டு ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது. தோற்றவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? நடுவர் சரியில்லை, தரை சரியில்லை, எடை சரியில்லை என்று சொல்லிவிட்டு அந்தப் பூட்டைத் தங்கள் பாடத்திட்டத்திலிருந்து தள்ளிவைத்திருக்க வேண்டும். அவர்களோ அதை உட்கார்ந்து கற்றுக்கொண்டு, தங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து, தங்களை வென்றவரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். பிரேசிலிய ஜூஜுட்சு வகுப்புகளில் இன்றைக்கும் அந்தப் பூட்டுக்குப் பெயர் கிமுரா.